மடிக்கணினியில் ஹைப்பர்வைசர் ஓடவில்லையா? மாட்டிக்கொண்ட இடத்திலிருந்து தொடங்குங்கள்

பகலில் சிறுசேரியில் ஒரு தரவு மையத்தில் சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஆதம்பாக்கத்து வீட்டு வாசலில் சம்பளமில்லாத வேலை ஒன்று உண்டு. தெருப் பிள்ளைகள் பழைய மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். "அண்ணா, பிராக்ஸ்மாக்ஸ் ஏற்றினேன், ஓடவில்லை." பிராக்ஸ்மாக்ஸ் ஒரு ஹைப்பர்வைசர், அதாவது ஒரே கணினிக்குள் பல மெய்நிகர் கணினிகளை ஓட்டும் மென்பொருள். இதுவரை பத்துப் பதினைந்து கணினிகள் பார்த்தாயிற்று. ஓடாமல் போன காரணங்கள் திரும்பத் திரும்ப அதே சிலதான். ஆளாளுக்கு வாயால் சொல்லி அலுத்துப்போனதால் எழுதி வைக்கிறேன்.

முதலிலிருந்து படிக்க வேண்டியதில்லை. உங்கள் கணினி எந்த இடத்தில் நின்றதோ அந்தத் தலைப்புக்குப் போங்கள். ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணம் முதலில் இருக்கும், பணம் பிடுங்கும் காரணம் கடைசியில் இருக்கும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். பயாஸில் (கணினி துவங்கும்போது திறக்கும் அடிப்படை அமைப்புப் பக்கம்) ஒரே மூச்சில் மூன்று அமைப்புகளை மாற்றிவிட்டு வருபவனுக்கு எது சரிசெய்தது என்றும் தெரியாது, எது கெடுத்தது என்றும் தெரியாது.

கட்டளைகளை ஒலிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டுங்கள். இன்னொன்று: நிறுவி, அதாவது நிறுவும் நிரல், நீங்கள் காட்டும் வட்டை முழுவதும் அழித்துவிட்டுத்தான் தன்னை எழுதிக்கொள்ளும். விண்டோஸை ஓர் ஓரமாக வைத்துக்கொள்ளலாம் என்ற பேச்சே இல்லை. அக்கா கல்யாணப் படங்களைப் பறிகொடுத்த ஒரு பையன் அடுத்த இரண்டு வாரம் வீட்டில் தலைகாட்டவில்லை. படங்களை வெளி வட்டில் நகலெடுங்கள், அந்த நகல் திறக்கிறதா என்றும் பாருங்கள். பிறகு தொடங்குங்கள்.

ஏன் பிராக்ஸ்மாக்ஸ், ஏன் விஎம்வேரின் ஹைப்பர்வைசரான இஎஸ்எக்ஸ்ஐ இல்லை என்று கேட்பார்கள். இஎஸ்எக்ஸ்ஐயின் இலவசப் பதிப்பு 2024 பிப்ரவரியில் நிறுத்தப்பட்டு 2025 ஏப்ரலில் திரும்ப வந்தது. ஆனால் மடிக்கணினியில் அது காலை வாருவது உரிமத்தால் அல்ல. பெரும்பாலான மடிக்கணினிகளில் உள்ள ரியல்டெக் வலையட்டைக்கு அதனிடம் இயக்கி கிடையாது. வலையட்டையே இல்லை என்று சொல்லி நிறுவி நின்றுவிடும். பிராக்ஸ்மாக்ஸ் டெபியன் லினக்ஸின் மேல் கட்டியது. 2025 ஆகஸ்டில் வந்த 9ஆம் பதிப்பு டெபியன் 13ஐ அடிப்படையாகக் கொண்டது. லினக்ஸ் ஓடும் மடிக்கணினியில் இதுவும் ஓடும். கற்றுக்கொள்ள இது போதும்.

## பென் டிரைவைச் செருகியும் கணினி கண்டுகொள்ளவில்லை

முதல் கேள்வி: ஐஎஸ்ஓ கோப்பை (தளத்திலிருந்து இறக்கிய நிறுவியின் வட்டுப் படிமம்) பென் டிரைவில் எப்படி ஏற்றினீர்கள்? பாட்டுக் கோப்பைப் போல இழுத்துப் போட்டிருந்தால் ஓடாது. ரூஃபஸ் கொண்டு எழுதியிருந்தால், எழுதும் முன் அது ஒரு கேள்வி கேட்கும். அதில் டிடி முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எல்லோரும் முன்பே குறியிட்டிருக்கும் ஐஎஸ்ஓ முறைக்கே சம்மதம் சொல்லிவிடுகிறார்கள். எட்சர் பயன்படுத்தினால் இந்தக் கேள்வியே வராது.

எழுதியது சரி என்றால், துவக்கப் பட்டியலைத் திறக்கும் விசையைப் பாருங்கள். டெல், லெனோவோ, ஏசர் கணினிகளில் எஃப்12, எச்பியில் எஃப்9, ஆசுஸில் எஸ்கேப். ஏசரில் எஃப்12 வேலை செய்யாவிட்டால் கணினியைக் குறை சொல்லாதீர்கள். பயாஸுக்குள் போய் எஃப்12 பட்டியலை இயக்கிவிட வேண்டும், வாங்கும்போதே அது அணைந்துதான் வரும்.

பெயர் தெரிகிறது, தேர்ந்தெடுத்தால் பாதுகாப்பு மீறல் என்று மறுக்கிறதா? காரணம் செக்யூர் பூட், அதாவது கையொப்பம் இல்லாத மென்பொருளைத் துவங்கவிடாத பயாஸ் பாதுகாப்பு. 8.1 பதிப்புக்கு முந்தைய பிராக்ஸ்மாக்ஸ் அதை ஏற்காது. புதிய பதிப்பை இறக்குங்கள், அல்லது செக்யூர் பூட்டை அணையுங்கள்.

இத்தனைக்கும் மசியாவிட்டால் வேறு பென் டிரைவ், வேறு யுஎஸ்பி துளை. நடைபாதையில் மலிவாக வாங்கிய 64 ஜிபி பென் டிரைவ் உண்மையில் 8 ஜிபிகூடத் தாங்காது என்பதை நானே ஒருமுறை காசு கொடுத்துக் கற்றிருக்கிறேன். இறக்கிய ஐஎஸ்ஓவின் ஷா256 எண்ணை (கோப்பு பழுதில்லாமல் இறங்கியதா என்று காட்டும் எண்) தளத்தில் உள்ள எண்ணோடு ஒப்பிட்டுப் பார்ப்பதும் நல்லது.

## நிறுவி பாதியில் உறைந்து நிற்கிறது

தனி வரைகலை அட்டை உள்ள கணினிகளில் அடிக்கடி வரும். இயக்கிகளை ஏற்றுகிறேன் என்ற வரியோடு நின்றுவிடும், அல்லது திரை கறுத்துவிடும்.

முதலில் பட்டியலில் டெர்மினல் இடைமுகம் என்றிருக்கும் நிறுவலைத் தேர்ந்தெடுங்கள். பார்க்க 1990களின் நூலகக் கணினி போல இருக்கும், வேலை ஒன்றுதான். அதுவும் உறைந்தால் பட்டியல் திரையில் ஈ விசையை அழுத்தி, லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் கடைசியில் ஓர் இடைவெளி விட்டு நோமோட்செட் என்று சேர்த்து, கன்ட்ரோல் விசையுடன் எக்ஸ் அழுத்துங்கள். என்னிடம் வந்தவற்றில் பெரும்பாலானவை இதோடு வழிக்கு வந்துவிட்டன.

ஒவ்வொரு முறையும் வெவ்வேறு இடத்தில் நிற்கிறது என்றால் அது ரேம் கோளாறின் அடையாளம். அதே பென் டிரைவின் பட்டியலில் நினைவகச் சோதனை இருக்கிறது. இரவு முழுக்க ஓடவிடுங்கள். ஒரே ஒரு சிவப்பு வரி வந்தாலும் ரேமைக் கழற்றி, தொடுமுனையைப் பென்சில் அழிப்பானால் மெல்லத் தேய்த்து, மீண்டும் பொருத்திச் சோதியுங்கள். மறுபடியும் சிவப்பு என்றால் ரேமை மாற்ற வேண்டும். மதர்போர்டோடு பற்றவைத்த ரேம் என்றால் கடைக்காரரிடம் கேளுங்கள், ஆனால் அவர் சொல்லும் தொகைக்கு இன்னொரு பழைய கணினியே கிடைத்துவிடும்.

## கேவிஎம் ஆதரவு இல்லை என்று எச்சரிக்கிறது

கேவிஎம் என்பது செயலியின் துணையோடு மெய்நிகர் கணினிகளை ஓட்டும் லினக்ஸ் பகுதி. அதற்கு ஆதரவு இல்லை என்றால் நிறுவும்போதே ஓர் எச்சரிக்கைப் பெட்டியில் சொல்லும். "பரவாயில்லை" என்று தாண்டிப் போனவர்களுக்கு முதல் மெய்நிகர் கணினியைத் தொடங்கும்போது அது பிழையாகத் திரும்பி வரும்.

பத்தில் ஒன்பது முறை பயாஸில் ஒரு சொடுக்கு. இன்டெல் கணினியில் அதன் பெயர் விர்ச்சுவலைசேஷன் டெக்னாலஜி அல்லது விடி-எக்ஸ், ஏஎம்டியில் எஸ்விஎம். பாதுகாப்பு, சிப்செட், மேம்பட்டவை என்று ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வோர் அறையில் ஒளித்து வைத்திருக்கும். விடி-டி என்பது வேறு. அது இல்லாவிட்டாலும் கற்றுக்கொள்ளத் தடை இல்லை. இயக்கிய பிறகு மறுதொடக்கம் மட்டும் செய்யாமல், முழுதாக அணைத்து, பத்து நொடி கழித்துப் போடுங்கள்.

பயாஸ் உள்ளேயே விடவில்லை, கடவுச்சொல் கேட்கிறது? ரிச்சி தெருவில் வாங்கிய பழைய அலுவலக மடிக்கணினிகளில் இது சகஜம். முந்தைய நிறுவனத்தின் நிர்வாகி போட்ட பூட்டு அப்படியே வந்திருக்கும். விற்றவரிடமே திரும்பப் போங்கள். பூட்டை எடுத்துத் தருவது அவர் பொறுப்பு. பேட்டரியைக் கழற்றினால் போய்விடும் என்று காணொளி பார்த்துத் திருகாணியைத் தொடாதீர்கள். அலுவலக வகைக் கணினிகளில் அந்தக் கடவுச்சொல் மின்சாரம் போனாலும் மறக்காத சில்லில் இருக்கும். அதை எடுப்பது சில் பழுதுபார்ப்பவரின் வேலை. இனி வாங்கப் போகிறவர்களுக்கு: பணம் எடுத்துக் கொடுக்கும் முன் கடையிலேயே பயாஸைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.

நேற்று இயக்கிய அமைப்பு இன்று மீண்டும் அணைந்திருக்கிறதா? தேதியையும் பாருங்கள். பல ஆண்டு பின்னால் போயிருந்தால் மதர்போர்டின் காயின் பேட்டரி செத்துவிட்டது. பேட்டரிக்கு ஆகும் செலவு சங்கீதாவில் ஒரு காபி குடிக்கும் செலவுதான். சில மாடல்களில் வயரோடு வரும். அதே செருகி உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள்.

அந்த வரியே பயாஸில் இல்லை என்றால் செயலியின் மாடல் எண்ணை இன்டெல் அல்லது ஏஎம்டி தளத்தில் தேடுங்கள். வசதி இல்லை என்று அங்கே எழுதியிருந்தால் மெய்நிகர் கணினிகள் வேண்டாம். எல்எக்ஸ்சி கண்டெய்னர்களுக்கு (அடிப்படை லினக்ஸையே பகிர்ந்துகொள்ளும் இலகுவான தனி அறைகள்) இந்த வசதி தேவையில்லை. அதைக் கொண்டே ஆறு மாதம் படிக்கலாம்.

## வட்டே தெரியவில்லை என்கிறது

நிறுவி தொடங்கி, எழுத வட்டு எதுவும் இல்லை என்று முடித்துக்கொள்கிறது. விண்டோஸ் அதே வட்டில்தான் ஓடிக்கொண்டிருந்தது. காரணம், வட்டை நிறுவியின் கண்ணிலிருந்து மறைக்கும் இன்டெலின் ஆர்எஸ்டி அல்லது விஎம்டி அமைப்பு. பயாஸில் சேமிப்பகப் பகுதியில் சாட்டா முறை என்றிருக்கும். அதை ஏஎச்சிஐ என்று மாற்றுங்கள். விஎம்டி என்று தனி வரி இருந்தால் அணையுங்கள். ஏசரில் இந்த வரி கண்ணுக்கே தெரியாது. பயாஸின் மெயின் பக்கத்தில் நின்றுகொண்டு கன்ட்ரோல் விசையுடன் எஸ் அழுத்தினால்தான் வெளியே வரும். இதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஒரு முழு மாலை பிடித்தது.

32 அல்லது 64 ஜிபி இஎம்எம்சி (மதர்போர்டோடு பற்றவைத்த சேமிப்பகம்) மட்டும் உள்ள சிறிய கணினி என்றால் இத்தோடு விட்டுவிடுங்கள். நிறுவி அதை ஏற்காது, சுற்றுவழிகள் உழைப்புக்குத் தகுந்தவை அல்ல.

பயாஸிலேயே வட்டின் பெயர் வரவில்லை, சுழலும்போது டக் டக் என்று கேட்கிறது என்றால் வட்டு போய்விட்டது. உள்ளே வேண்டிய தரவு இருந்தால் மேற்கொண்டு ஒரு முறைகூட மின்சாரம் கொடுக்காமல் தரவு மீட்பவரிடம் கொடுங்கள். இல்லாவிட்டால் ஒரு சாட்டா எஸ்எஸ்டி வாங்கிப் போடுங்கள். பழைய மடிக்கணினிக்கு அதைவிடப் பெரிய உபகாரம் இல்லை.

## நிறுவி முடிந்தது, துவக்க வட்டு இல்லை என்கிறது

பென் டிரைவைக் கழற்றினீர்களா? கழற்றிய பிறகும் அப்படியென்றால், பென் டிரைவ் ஒரு முறையில் துவங்கி வட்டு வேறு முறையில் துவங்கப் பார்க்கிறது. பயாஸில் யுஇஎஃப்ஐ (புதிய துவக்க முறை) மட்டும் என்று வைத்து, பென் டிரைவின் யுஇஎஃப்ஐ பெயரைத் தேர்ந்தெடுத்து மீண்டும் நிறுவுங்கள். பத்து நிமிட வேலை.

## உலாவியில் பிராக்ஸ்மாக்ஸ் பக்கம் திறக்கவில்லை

இதற்குத்தான் பாதி ஞாயிற்றுக்கிழமைகள் போயின. ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் ஒரு பயத்தைப் போக்கிவிடுகிறேன். நிறுவல் முடிந்ததும் கறுப்புத் திரையில் நான்கு வரியும் ஒரு லாகின் கேள்வியும் வரும். சாளரம், சுட்டி எதுவும் வராது. பலரும் இதைத் தோல்வி என்று நினைத்து மறுபடி நிறுவுகிறார்கள். அதுதான் வெற்றி. இனி அந்தக் கணினியைத் தொட வேண்டாம். திரையில் உள்ள முகவரியை வேறொரு கணினியின் உலாவியில் தட்ட வேண்டும்.

### முகவரியைத் தட்டியதும் சிவப்பு எச்சரிக்கை வருகிறது

கோளாறு இல்லை. சான்றிதழைப் பிராக்ஸ்மாக்ஸ் தானே எழுதிக்கொண்டதால் உலாவி சந்தேகப்படுகிறது. மேம்பட்டவை என்பதை அழுத்தி உள்ளே போங்கள்.

### எதுவுமே வரவில்லை, சுற்றிக்கொண்டே இருக்கிறது

முகவரியின் முன்னால் எச்டிடிபிஎஸ், பின்னால் முக்காற்புள்ளியோடு 8006. இரண்டும் இருக்கின்றனவா? இருந்தால், எண்களைப் பாருங்கள். உங்கள் கைப்பேசியின் வை-ஃபை விவரத்தில் உள்ள முகவரியோடு முதல் மூன்று எண்கள் பொருந்த வேண்டும். ஜியோ ஃபைபர் வீடுகளில் அது 192.168.29 என்று தொடங்கும். வேறு பல ரூட்டர்களில் 192.168.1 அல்லது 192.168.0.

திரையில் 192.168.100.2 என்றிருக்கிறதா? அப்படியானால் நிறுவும்போது கேபிள் செருகப்படவில்லை. ரூட்டரிடமிருந்து பதில் வராததால் நிறுவி தன் கைக்கு வந்த எண்ணைப் போட்டுக்கொண்டது.

இதன் தம்பி ஒன்று உண்டு. கூடுவாஞ்சேரி விடுதியில் அருமையாக ஓடியது, விடுமுறைக்கு வீட்டுக்குக் கொண்டுவந்தேன், செத்துவிட்டது என்பார்கள். சாகவில்லை. நிறுவும்போது கிடைத்த முகவரியைப் பிராக்ஸ்மாக்ஸ் நிலையாக எழுதி வைத்துக்கொள்ளும். புது ரூட்டரிடம் புது முகவரி கேட்காது. கடிதம் பழைய விலாசத்துக்கே போய்க்கொண்டிருக்கிறது.

இரண்டுக்கும் மருந்து ஒன்று. மடிக்கணினியின் விசைப்பலகையிலேயே ரூட் என்று உள்நுழைந்து, நேனோ என்ற உரைத் திருத்தி கொண்டு இரண்டு கோப்புகளைத் திருத்துங்கள். இடிசி அடைவுக்குள் நெட்வொர்க் அடைவில் உள்ள இன்டர்ஃபேசஸ் கோப்பில் அட்ரஸ், கேட்வே ஆகிய இரு வரிகள். பிறகு இடிசி அடைவிலேயே உள்ள ஹோஸ்ட்ஸ் கோப்பில் அதே முகவரி. இரண்டாவதை மறப்பவர்களே அதிகம். கறுப்புத் திரையில் காட்டும் முகவரி ஹோஸ்ட்ஸ் கோப்பிலிருந்து வருவது; முதல் கோப்பை மட்டும் திருத்தினால் திரை பழைய பொய்யையே சொல்லிக்கொண்டிருக்கும். திருத்தியதும் மறுதொடக்கம். புது எண்ணை ரூட்டர் தானாக வழங்கும் வரம்புக்கு வெளியே எடுத்தால் பிறகு எதனோடும் மோதாது.

### எண்கள் பொருந்துகின்றன, ஆனாலும் வரவில்லை

மடிக்கணினியிலிருந்து ரூட்டருக்குப் பிங் அனுப்புங்கள். பதில் வருகிறதென்றால் கோளாறு உங்கள் மற்றொரு கணினியின் பக்கம். அது விருந்தினர் வை-ஃபையில் இருக்கக்கூடும். திருவல்லிக்கேணி மேன்ஷன்களிலும் மகளிர் விடுதிகளிலும் பொது வை-ஃபையில் ஒருவர் கருவியை மற்றவர் பார்க்க முடியாதபடி தடுத்திருப்பார்கள். அது நியாயமான தடுப்பு. வார்டனிடம் சண்டை போடாதீர்கள். ஒரே ஒரு லேன் கேபிளால் இரண்டு மடிக்கணினிகளையும் நேராக இணைத்து, மற்றொன்றுக்கு அதே வரிசையில் கையால் ஒரு முகவரி கொடுங்கள். இணையம் இல்லாவிட்டாலும் பக்கம் திறக்கும்.

பிங்குக்குப் பதில் இல்லையென்றால் ஐபி ஏ என்று தட்டிப் பாருங்கள். ஈஎன்பி என்று தொடங்குவது கம்பி அட்டை, ஈஎன்எக்ஸ் என்று தொடங்குவது யுஎஸ்பி அட்டை, டபிள்யூஎல் என்று தொடங்குவது வை-ஃபை. இன்டர்ஃபேசஸ் கோப்பில் பிரிட்ஜ்-போர்ட்ஸ் என்ற வரியில் உள்ள பெயரும் இங்கே தெரியும் கம்பி அட்டையின் பெயரும் ஒன்றாக இருக்கின்றனவா? புதிதாக ஓர் என்விஎம்இ வட்டைச் சேர்த்தால்கூட ஈஎன்பி2எஸ்0 என்பது ஈஎன்பி3எஸ்0 என்று மாறிவிடும். பெயரை மாற்றி எழுதினால் தீர்ந்தது.

பெயர் சரி, நோ-கேரியர் என்று காட்டுகிறது என்றால் கேபிள். நகத்தால் நெருடினால் செருகியின் நாக்கு உடைந்திருப்பது தெரியும். கேபிளை மாற்றிய பிறகும், ரூட்டரின் வேறு துளையிலும் விளக்கு எரியாவிட்டால் மடிக்கணினியின் துளை போயிருக்கலாம். அதைப் பற்றவைக்கக் கொடுப்பதைவிட யுஎஸ்பி கிகாபிட் அட்டை ஒன்று வாங்குவது மலிவு. ரியல்டெக் 8153 சில் உள்ளது லினக்ஸில் செருகியதும் ஓடும்.

### வை-ஃபை மட்டும்தான் இருக்கிறது

நிறுவி வை-ஃபையை அமைத்துத் தராது. கையால் அமைத்தாலும் பிரிட்ஜ் (மெய்நிகர் கணினிகளை வீட்டு வலையமைப்போடு நேராகச் சேர்க்கும் பாலம்) நடக்காது. ஒரு வை-ஃபை அட்டையின் பின்னால் பல முகவரிகள் ஒளிந்துகொள்வதை ரூட்டர் ஏற்காது. நாட் (எல்லா மெய்நிகர் கணினிகளையும் ஒரே முகவரியில் வெளியே அனுப்பும் முறை) அமைத்துச் சமாளிக்கலாம். ஆனால் வலையமைப்பைக் கற்றுக்கொள்ள வந்தவனை முதல் நாளே நாட் முறைக்குள் தள்ளுவது நீச்சல் தெரியாதவனை மெரினாவில் இறக்குவது போல. வீட்டுப் பரணில் கிடக்கும் பழைய ரூட்டரில் டபிள்யூஐஎஸ்பி முறை இருந்தால், அது வை-ஃபையை வாங்கி லேன் துளை வழியே கொடுக்கும். நீங்கள் உலாவும் கணினியும் அந்தப் பழைய ரூட்டரோடுதான் சேர்ந்திருக்க வேண்டும், அதை மட்டும் மறக்காதீர்கள்.

### சில மணி நேரம் ஓடிவிட்டு இணைப்பு அறுகிறது

டிஎம்இஎஸ்ஜி கட்டளையின் கடைசி வரிகளில் ஈ1000ஈ என்ற பெயரும் ஹார்ட்வேர் யூனிட் ஹாங் என்ற சொற்களும் இருந்தால் இன்டெல் வலையட்டையின் பழைய நோய். ஈத்டூல் கட்டளையால் டிஎஸ்ஓ, ஜிஎஸ்ஓ இரண்டையும் அணையுங்கள், அடங்கிவிடும். மறுதொடக்கத்துக்குப் பிறகும் நிலைக்க, அதே கட்டளையை இன்டர்ஃபேசஸ் கோப்பில் போஸ்ட்-அப் வரியாகச் சேருங்கள். அந்த வரி பதிவில் இல்லையென்றால், மூடியைப் பற்றிக் கீழே எழுதியிருப்பதைப் படியுங்கள்.

## கடவுச்சொல்லை ஏற்கவில்லை

பயனர் பெயர் ரூட். கீழே உள்ள ரெல்ம் பட்டியலில் லினக்ஸ் பாம். அங்கே பிராக்ஸ்மாக்ஸ் என்ற பெயரைப் பார்த்ததும் அதைத் தேர்ந்தெடுத்துவிடத் தோன்றும். தோன்றட்டும், தேர்ந்தெடுக்காதீர்கள்.

கறுப்புத் திரையில் ஏற்கும் கடவுச்சொல்லை உலாவியில் மறுத்தால், டிஎஃப் கட்டளையால் வட்டைப் பாருங்கள். ரூட் பகுதி 100 சதவீதம் நிரம்பினாலும் சரியான கடவுச்சொல்லைத் தவறு என்றுதான் சொல்லும். லோக்கல் சேமிப்பகத்தில் குவித்து வைத்த ஐஎஸ்ஓக்கள்தான் வழக்கமான குற்றவாளி.

## புதுப்பிக்கும்போது 401 பிழை

சந்தா உள்ளவர்களுக்கான களஞ்சியம் இயல்பாகவே இயக்கத்தில் வருகிறது. களஞ்சியங்கள் பக்கத்தில் என்டர்பிரைஸ் பெயர் கொண்டவற்றை அணைத்து, நோ-சப்ஸ்கிரிப்ஷன் களஞ்சியத்தைச் சேருங்கள். உள்நுழையும்போது வரும் சந்தா நினைவூட்டல் பிழை அல்ல. சரி என்று அழுத்திவிட்டுப் போங்கள்.

வேறு பிழை, அதுவும் இன்னும் செல்லுபடியாகாத கோப்பு என்று வந்தால் கணினியின் தேதி தவறு. மறுபடியும் அந்தக் காயின் பேட்டரி.

## மூடியை மூடினால் காணாமல் போகிறது

மடிக்கணினி தன் இயல்புப்படி தூங்கிவிட்டது. இடிசி அடைவுக்குள் சிஸ்டம்டி அடைவில் லாகின்டி கான்ஃப் கோப்பைத் திறந்து, ஹேண்டில்-லிட்-ஸ்விட்ச் என்று தொடங்கும் வரிகளின் முன்னுள்ள பவுண்டு குறியை (#) நீக்கி, மதிப்பை இக்னோர் என்று மாற்றுங்கள். மின்செருகியில் இருக்கும்போதைக்கு எனத் தனி வரி இருக்கும், அதையும் மாற்றுங்கள். பிறகு மறுதொடக்கம்.

விசைப்பலகை வழியே காற்று இழுக்கும் மாடல்களை மூடி வைத்து ஓட்டாதீர்கள். அவற்றைத் திறந்தே வைத்து, திரையை மட்டும் அணைக்க, கிரப் (லினக்ஸைத் துவக்கும் நிரல்) அமைப்பில் கன்சோல்பிளாங்க் சமம் 60 என்று சேர்த்து, அப்டேட்-கிரப் கொடுங்கள்.

## மெய்நிகர் கணினி வம்பு செய்கிறது

தொடங்கவே இல்லை, கேவிஎம் இல்லை என்கிறது: மேலே பார்த்த பயாஸ் கதைதான்.

விண்டோஸ் நிறுவும்போது வட்டு தெரியவில்லை: விர்ட்ஐஓ (மெய்நிகர் கணினிகளுக்கான வேக வகை) வட்டு கொடுத்திருப்பீர்கள், விண்டோஸிடம் அதற்கு இயக்கி இல்லை. விர்ட்ஐஓ-வின் ஐஎஸ்ஓவை இரண்டாவது குறுந்தகடாகச் சேர்த்து, அங்கிருந்து இயக்கியை ஏற்றுங்கள்.

ஓடிக்கொண்டிருந்தது, திடீரென மஞ்சள் முக்கோணம், ஐஓ-எரர்: உள்ளே எதையும் தேடாதீர்கள். மெய்நிகர் வட்டுகள் இருக்கும் லோக்கல்-எல்விஎம் சேமிப்பகம் நிரம்பிவிட்டது. மெல்லிய ஒதுக்கீட்டில் 100 ஜிபி இடத்தில் நான்கு 50 ஜிபி வட்டுகளை அது சிரித்துக்கொண்டே உருவாக்க விடும். பழைய ஸ்னாப்ஷாட்களை அழித்தால் மூச்சு வரும்.

உள்ளே இணையம் இல்லை: விஎம்பிஆர்0 பிரிட்ஜில் சேர்த்தீர்களா, உள்ளே டிஎச்சிபி வழியே ரூட்டரிடம் முகவரி கேட்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் இரண்டில் ஒன்றுதான்.

## எல்லாம் ஆமையாகிவிட்டது, அல்லது தானே அணைகிறது

8 ஜிபி ரேமில் மூன்று விண்டோஸ் ஓட்டப் பார்க்கிறீர்களா? அடிப்படை அமைப்புக்கே 2 ஜிபி ஒதுக்கிவிடுங்கள். மீதியில் 1 ஜிபி கொடுத்த டெபியன் கணினிகள் மூன்றும், 512 எம்பி கண்டெய்னர்கள் சிலவும் நிம்மதியாக ஓடும். கோப்பு முறைமை கேட்கும்போது ஆசைப்பட்டு இசட்எஃப்எஸ் எடுத்திருந்தால், ரேமில் ஒரு பங்கு அதற்கும் போகும். ஒரே வட்டுள்ள மடிக்கணினிக்கு எக்ஸ்ட்4 போதும்.

ரேம் காலியாக இருந்தும் மெதுவாக இருந்தால் சூடு. எல்எம்-சென்சார்ஸ் நிறுவி, சென்சார்ஸ் கட்டளை கொடுங்கள். வேலை செய்யும்போது 70, 80 டிகிரி பொறுத்துக்கொள்ளலாம். 95ஐத் தாண்டினால் செயலி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும், அதற்கும் மேலே போனால் அணைத்துக்கொள்ளும். கத்திரி வெயிலில் ஏசி இல்லாத மாடி அறையில், அதுவும் மெத்தை மேல் வைத்து ஓட்டினால் வேறென்ன நடக்கும்? முதலில் கணினியை மேசைக்கு மாற்றி, பின்புறத்தை இரண்டு புத்தகங்கள் மேல் ஏற்றுங்கள். பிறகு விசிறித் துளையின் தூசி. ஊதும்போது விசிறியைக் குச்சியால் பிடித்துக்கொள்ளுங்கள், சுழலவிடாதீர்கள். அதற்குப் பிறகும் குறையவில்லை என்றால் வெப்பப் பசை காய்ந்திருக்கும். ஒருமுறைகூடக் கணினியைத் திறந்ததில்லை என்றால் இதைக் கடையில் கொடுங்கள். அரை மணி நேர வேலை. பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கம் கடலை ஒட்டி வசிப்பவர்கள் விசிறியின் உலோகப் பகுதி துருப்பிடித்திருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

சூடும் இல்லை, ரேமும் இருக்கிறது என்றால் ஸ்மார்ட்சிடிஎல் கொண்டு வட்டைச் சோதியுங்கள். 5, 197 ஆகிய வரிசை எண்களுக்கு எதிரே சுழியம் தவிர வேறு எண் வந்து, அது வாரா வாரம் ஏறினால் புது வட்டுக்குக் காசு சேருங்கள்.

## மின்வெட்டுக்குப் பிறகு வரவில்லை

மடிக்கணினி தன் பேட்டரியில் தாக்குப்பிடித்திருக்கும், ரூட்டர்தான் செத்திருக்கும். ரூட்டர் எழுந்து இரண்டு நிமிடம் கழித்துப் பாருங்கள். பேட்டரி முழுதாகத் தீர்ந்து அணைந்திருந்தால், பல மடிக்கணினிகள் மின்சாரம் வந்ததும் தானாக எழாது. கையால் போட வேண்டியதுதான்.

ஆண்டு முழுக்க மின்செருகியில் கிடக்கும் பேட்டரி 100 சதவீதத்திலேயே வெந்துகொண்டிருக்கும். பயாஸில் சார்ஜ் வரம்பு இருந்தால் 80 என்று வையுங்கள். திங்க்பேடில் இதை லினக்ஸ் உள்ளிருந்தே அமைக்கலாம்.

டச்பேட் மேலெழும்பியிருக்கிறது, அழுத்தினால் சொடுக்கவில்லை, மூடி சரியாக மூடவில்லை, மேசையில் வைத்தால் ஆடுகிறது: இவற்றில் ஒன்று இருந்தாலும் பேட்டரி உப்பியிருக்கிறது. இங்கே எளிய காரணத்திலிருந்து தொடங்கும் வரிசை கிடையாது. மெய்நிகர் கணினிகளை அணைத்து, கணினியை அணைத்து, மின்செருகியைப் பிடுங்குங்கள். நீங்களே நெம்பாதீர்கள், குத்தாதீர்கள், குப்பைத் தொட்டியில் போடாதீர்கள். அன்றைக்கே பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோய்க் கழற்றச் சொல்லி, பழைய பேட்டரியை அவரிடமே கொடுத்துவிட்டு வாருங்கள். பேட்டரி இல்லாமலேயே அடாப்டரில் ஓடும் மாடலா என்று அங்கேயே ஒருமுறை போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.